முதுகுக்குப் பின்னால் நின்றவர்

யாராவது ஒரு மிஷின் முன்னால் திணறிக்கொண்டிருந்தால் அவருக்குப் போதும். திணறுகிறவரின் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக ஒதுங்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிடுவார். ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்க்கும் மிஷின், மலைமேல் டோக்கன் கவுண்டர், வங்கி வாசலில் புதிதாக வந்த ஏடிஎம், எதுவானாலும் சரி. பார்ப்பார். உதவ மாட்டார். திருத்தணி பஜாரில் அவருக்கு 'வேடிக்கை மேடம்' என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

மனிதர்கள் கம்ப்யூட்டரோடும் மற்ற மிஷின்களோடும் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்கிற படிப்பு அவருடையது. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒப்பந்த வேலை. ஆராய்ச்சிக்காக எங்கள் ஊருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். இன்றைக்கு அவர் பெயரை இணையத்தில் தட்டினால் ஒரு பக்கம் வருகிறது. புகைப்படம் இல்லை. அவர் எழுதிய கட்டுரைகளின் பட்டியல் மட்டும் ஆண்டுவாரியாக நீளமாக இறங்குகிறது. அதில் எங்கள் ஊர் பற்றிய கட்டுரையும் உண்டு. ஆனால் திருத்தணி என்ற பெயர் அதில் வராது. 'தென்னிந்தியச் சிறு கோயில் நகரம் ஒன்று' என்றுதான் வரும். எங்கள் யாருடைய பெயரும் வராது. அவர்கள் தொழிலில் அதுதான் மரியாதையாம், பெயர் சொல்லாமல் இருப்பது. அதே மரியாதையை நானும் அவருக்குத் தருகிறேன்.

அப்போது நான் அரக்கோணத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, நாங்கள் நைனா என்போம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். செல்போன் வந்து பூத்தைச் சாப்பிடத் தொடங்கியதும் உள்பக்கம் நான்கு கம்ப்யூட்டரைப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினார். சாயங்காலம் கல்லூரி விட்டு வந்தால் நான்தான் அங்கே எல்லாம். யார் என்ன கேட்டாலும் பாய்ந்துபோய்ச் செய்து கொடுப்பேன். கேட்காவிட்டாலும் செய்து கொடுப்பேன். என் சுபாவம் அப்படி.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளில்தான் அவரை முதலில் கவனித்தேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு நெசவாளி, மகனுடைய நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தில் நான் திரும்புவதற்குள் மவுஸைக் கையில் எடுத்து, கம்ப்யூட்டர் திரைக்கு நேராக நீட்டிப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். பின்னால் நின்றிருந்த ஒரு பெண்மணி, ஒல்லி, கதர் சட்டை மாதிரி ஒரு குர்தா, கண்ணாடி, உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இருங்க. கை வைக்காதீங்க."

"அவருக்குத் தெரிலீங்க மேடம்."

"அதான் பார்க்கணும்."

நைனா கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "என்னா மேடம் இது? ஆளு ரிசல்ட்டுக்குத் தவிச்சிகினு இருக்கிறான். நீங்க சர்க்கஸ் பாக்கற மாதிரி பாத்துகினு இருக்கிறீங்க?"

"ஒரு நிமிஷங்க. இப்ப நீங்க போய்ச் செஞ்சு குடுத்துட்டா, மிஷின் பண்ண தப்பு அப்படியே மறைஞ்சு போயிடும். அவருக்குத் தெரியலங்கறது மட்டும்தான் மிஞ்சும்."

நைனாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது; நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ரிசல்ட் பார்த்து, பையன் பாஸ் என்று தெரிந்ததும், மேடம் நெசவாளியைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்து, ஏன் மவுஸை அப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"டிவிக்கு ரிமோட்ட நேரா காட்டணும் இல்லீங்களா?" என்றார் நெசவாளி, இதிலென்ன சந்தேகம் என்பது போல.

மேடத்தின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைப் பிறகு சில தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் அவரை விடவில்லை. மேடம் அக்கா ஆனார். வங்கி ஏடிஎம் வாசலில் அவர் நாள் பூராவும் நின்றதைப் பார்த்து வாட்ச்மேன் போலீசைக் கூப்பிட்டுவிட்ட அன்றைக்கு, நைனாவை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான்.

"இந்தம்மா திருட வர்ல சார்," என்றார் நைனா ஏட்டிடம். "சும்மா நின்னு பாக்கும். அதுக்கு அதான் வேல. கவர்மெண்ட்டே சம்பளம் குடுக்குதாம்."

"நமக்கும் அதான்யா வேல," என்று ஏட்டு சிரித்துவிட்டார்.

அக்காவும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது, "ஒரு நாள் முழுக்க அங்க நின்னேன். போலீஸ் வந்தப்பதான் ஒருத்தர் எங்கிட்ட பேசினாங்க," என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. வெயில் அதிகம் என்று சொல்கிற குரல்.

என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். வந்தார். பந்தியில் கை கழுவும் இடத்துக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தார். அங்கே புதுவகைக் குழாய். திருகினால் வராது, மேலே அமுக்க வேண்டும். சாம்பார் கையோடு ஒவ்வொருவராகத் திருகிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் பின்னால் நிற்கும் ஆளைப் பார்த்து அசடு வழிவதை அவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். இரண்டு பக்கமும் இலைகள் காலியாக இருந்தன. எங்கள் ஜனங்களுக்கு அவர் பக்கத்தில் உட்காரக் கூச்சம். நாம் எப்படிப் பிசைகிறோம் என்று பார்ப்பாரோ என்று பயந்ததாக அத்தை பிறகு சொன்னாள். அது பொய்யான பயம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். இரண்டு நாள் சென்டருக்கு வரவில்லை என்று கஞ்சித் தூக்குடன் மாடிக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரோரம் புத்தகங்கள், ஜன்னலுக்கு வெளியே கம்பியில் ஒரே ஒரு துண்டு. கஞ்சியைச் சூடாக்கலாம் என்று தூக்கை ஓர் அடுப்பில் வைத்து, ஸ்டவ்வின் இரண்டு குமிழில் ஒன்றைத் திருகினேன். பாத்திரம் இல்லாத மற்ற அடுப்பில் காஸ் சீறியது. பதறி அணைத்துவிட்டுத் திரும்பினால், போர்வைக்குள்ளிருந்து அவர் கண் திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லக்கூடாதாக்கா? பத்திகினு இருந்தா?"

"எந்தக் குமிழைத் திருகுவீங்கன்னு பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் திருகுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. காய்ச்சலில் கூடவா ஒரு மனுஷி பரிசோதனை செய்வாள்? இருந்தாலும் கஞ்சியைச் சுடவைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு அவரே பேசினார்.

"எல்லாரும்னு சொன்னேன் இல்ல? சும்மா சொன்னேன். இந்த ரூமுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

அவருடைய கவலை என்னவென்று அன்றைக்குத்தான் சொன்னார். கல்லூரி ஒப்பந்தம் அடுத்த ஜூனோடு முடிகிறது. அதற்குள் பெயர்பெற்ற ஓர் ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வந்தாக வேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் இல்லை. அதற்குமுன் எழுதியவை இரண்டு, இரண்டும் சின்ன இதழ்களில். "எங்க ஆளுங்க மனுஷனைப் பார்க்க மாட்டாங்க. லிஸ்ட்டைத்தான் பார்ப்பாங்க." வேலை போனால் ஓசூரில் அவருடைய அக்கா வீடு. அங்கே சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் இப்போதே போட்டு வைத்திருக்கிறார்களாம். "அவங்க நல்லவங்கதான். அந்தக் கட்டில்தான் ராத்திரில என்னை முழிக்க வைக்குது," என்றார்.

அந்தக் கட்டுரைக்காகத்தான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ரூமுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி வந்தது. ஆள் உயரம். முகத்தில் கண்ணாடித் திரை. விரலால் தொட்டால் ஊர்களின் பெயர் வரும். ஊரைத் தொட்டால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று தமிழிலும் தெலுங்கிலும் பேசும். எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு அது எவ்வளவு தேவை என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். பாதிப் பேர் ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கத்துக்காரர்கள். தமிழ் போர்டு படிக்க வராது. நம்மூர்க்காரர்கள் பலருக்குத் தெலுங்கு பேச வரும், ஆந்திரா பஸ்ஸின் போர்டைப் படிக்க வராது. எல்லோரும் கண்டக்டர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் திரையில் எழுத்தே வேண்டாம் என்று அக்கா முடிவு செய்தார். எந்த மொழிக்காரரும் தயங்காமல் தொடக்கூடிய ஒரு படம் வேண்டும். யோசித்து யோசித்து, மலையும் அதன்மேல் ஒரு வேலும் வரைந்தார். வேலைத் தொட்டால் உள்ளே போகலாம்.

திறந்த அன்று கிருத்திகை. மலையிலிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் அப்பிய ஒருவர் பெட்டிமுன் நின்றார். வேலைத் தொட்டார். தயக்கமே இல்லை. பெட்டி 'டிங்' என்றது. அவர் தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயே போய்விட்டார். பின்னால் திரையில் ஊர்களின் பெயர்கள் வந்து, காத்திருந்து, மறைந்தன.

அடுத்து ஒரு குடும்பம். அப்பா தொட்டார், ஒற்றிக்கொண்டார். அம்மா தொட்டாள், ஒற்றிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி அதன் கையை வைத்தார்கள். 'டிங்' சத்தத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் திரையில் குங்குமப் பொட்டு, தலையில் மல்லிகைச் சரம், காலடியில் சில்லறை. யாரோ ஒருவர் பெட்டியின் இரும்பு விளிம்பிலேயே தேங்காய் உடைத்துவிட்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டைம் கீப்பர் தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், பஸ் டைம் சொல்ற பொட்டின்னு சொன்னீங்க. நீங்க எனக்குப் பக்கத்துல கோயில் கட்டிட்டீங்க. நான் பூசாரியா, டைம் கீப்பரா?"

"யாராவது டைம் கேட்டாங்களா?"

"ஆங், கேட்டாங்க. எங்கிட்டதான் கேட்டாங்க! சாமியாண்ட யாரு மேடம் பஸ் டைம் கேப்பாங்க?"

அக்கா சிரிக்கவில்லை. பெட்டிக்குப் பின்பக்கமாக, இடப்பக்கம் ஒதுங்கி, அதே சாய்ந்த தலையோடு பொழுது சாயும்வரை நின்றார். கடைசியில் என் தோளைத் தொட்டு, "கையைப் பாருங்க, கையை," என்றார். "ஏடிஎம்ல, உங்க சென்டர்ல, எல்லார் கையும் எப்படி வரும்? திருடப் போற மாதிரி வரும். உடைச்சிடுவோமோன்னு வரும். இங்க பாருங்க. ஒருத்தருக்கும் பயமே இல்ல."

அன்றிரவு என்று இல்லை, அந்த வாரம் முழுக்க அவர் எழுதினார். நான் வரிவரியாகப் படித்தேன். எனக்குப் புரிந்த ஆங்கிலத்தில் அது சொன்னது இதுதான்: இந்த மக்கள் தவறாக ஒன்றும் செய்யவில்லை. தொடுவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். மிஷின் செய்கிறவர்களுக்குத்தான் தெரியாது. மற்ற மிஷின்களின் முன்னால் அந்தக் கைகளை நடுங்க வைத்தது யார் என்று அது கேட்டது. படித்துவிட்டு எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

இதழுக்கு அனுப்பினார். அங்கே பெயர் வெளியே தெரியாத மூன்று பேர் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். கோடை தொடங்கும்போது பதில் வந்தது. எங்கள் சென்டரில் மூன்றாவது கம்ப்யூட்டரில்தான் திறந்தார். முதல் ஆள் பாராட்டியிருந்தார். இரண்டாவது ஆள், சுவாரஸ்யம்தான், ஆனால் தீர்வு எங்கே என்று கேட்டிருந்தார். மூன்றாவது ஆள் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். நடந்ததைக் குறைந்த கல்வியறிவு உள்ளவர்களின் பிழை என்று தெளிவாக எழுத வேண்டும். படத்தை மாற்றி, பிழை குறைந்ததைக் காட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஏற்கலாம்.

கல்லூரியின் துறைத் தலைவரிடம் பேச பூத்துக்குள் போனார். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது.

"இல்ல சார்... தப்பா அமுக்கல சார்... பிழைன்னு எப்படி சார் எழுதறது, அவங்க செய்ய வந்ததைச் செஞ்சுட்டுத்தானே போனாங்க... தெரியும் சார். ஜூன்தான்... தெரியும் சார்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நைனா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"ஒரு வார்த்ததானே மேடம்? மாத்திட்டுப் போங்க. பிழைன்னு எழுதினா அவனுங்களுக்குத் தெரியவா போவுது? நம்ம ஜனங்க யாரு இங்கிலீஷ் புக்கு படிக்கறாங்க?"

"அதாங்க," என்றார் அக்கா. "அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

பெட்டியில் வேல் போய் பஸ் படம் வந்தது. கல்லூரியிலிருந்து ஆள் வந்து மாற்றினார். பக்கத்தில் 'தொடவும்' என்று இரண்டு மொழியிலும் எழுத்து. மறுநாளே கூட்டம் விலகி நின்றது. வந்தவர்கள் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். விரலை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டு, டைம் கீப்பரிடமே போனார்கள். தொட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்; கல்லூரிப் பையன்கள், ஒன்றிரண்டு வியாபாரிகள். ஆனால் தொட்டவர்கள் எல்லோரும் ஊரைக் கண்டுபிடித்தார்கள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனார்கள். கணக்கில் அது முன்னேற்றம். விலகி நின்றவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். பெட்டியைத் தொட்டால்தான் பெட்டிக்குள் பதிவாகும்.

அக்கா இரண்டு வாரம் அதையும் நின்று பார்த்தார். பிறகு ஒரு மத்தியானம் சென்டருக்கு வந்து, கட்டுரையைத் திறந்து, வேண்டிய இடங்களில் வேண்டிய வார்த்தையைப் போட்டார். அதிக நேரம் ஆகவில்லை. அனுப்பும் பொத்தானை அமுக்கும்போது நான் பின்னால் நின்றிருந்தேன். அவர் கை நடுங்கியதா என்று பார்த்தேன். இல்லை.

ஏற்றுக்கொண்ட மெயில் மே கடைசியில் வந்தது. நான் கத்திய கத்தலில் பூத்துக்குள் பேசிக்கொண்டிருந்தவர் போனை வைத்துவிட்டார். நைனா பால்கோவா வாங்கி வந்து சென்டரில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தார். அக்கா ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க," என்றார். "இனி ஓசூருக்கு லெட்டர் போட்டுடலாம். கட்டிலை எடுத்துடச் சொல்லி." உண்மையாகவே நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஒரு மனுஷிக்குக் கட்டில் போடத் தனக்கென்று ஓர் இடம் வேண்டும்.

நானும் இப்போது சென்னையில் கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் திரைகள் வரைகிற வேலையில்தான் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் அந்தக் கட்டுரையை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள், படிக்காத மக்கள் செய்யும் பிழைகளுக்கு நல்ல உதாரணம் என்று. அவருடைய இணையப் பட்டியலில் அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளையும் படித்துவிட்டேன். எல்லாம் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குள், மாணவர்களை உட்கார வைத்துச் செய்தவை. சுத்தமான வேலை. தெருவில் நிற்கிற ஒரு ஆளும் அவற்றில் இல்லை.

ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில் அவரை வழியனுப்ப நான்தான் போனேன். ஒரு பெட்டி, ஒரு புத்தக மூட்டை. சென்னை பஸ் இன்னும் வரவில்லை. டைம் கீப்பர் ரூம் நிழலில் நின்றிருந்தோம். அப்போது ஓர் அம்மாள் வந்தாள். அன்றைக்குத்தான் முடி இறக்கியிருந்தாள். தலையில் சந்தனம் காயவில்லை. முன்பே வந்து போனவளாக இருக்க வேண்டும். பெட்டிமுன் நின்று பழைய படத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. என்றாலும் பஸ் படத்தையே இரண்டு கையாலும் தொட்டு ஒற்றிக்கொண்டு, மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணாடியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். தலை சாயும் என்று காத்திருந்தேன்.

அவர் நேராக அந்த அம்மாளிடம் போனார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைத்தார்.

"இது சாமி இல்லம்மா. பஸ் டைம் பார்க்கிற மிஷின். எந்த ஊருக்குப் போகணும்?"

"பள்ளிப்பட்டும்மா."

அவளுடைய விரலைத் தானே பிடித்து, பஸ் படத்தில் ஒரு தடவை, ஊர் பெயரில் ஒரு தடவை அமுக்க வைத்தார். பொறுமையாக, அழகாகச் சொல்லிக் கொடுத்தார். பெட்டி நேரத்தைச் சொன்னது. எங்கள் ஊரில் அதுவரை யாருக்கும் அவர் செய்யாத உதவி அது.

அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தொடக்கூடாததா தாயி? நான் தெரியாம தொட்டுட்டேன்."

"அப்படி இல்லம்மா," என்றார் அக்கா. சென்னை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே திரும்பியது. நான் மூட்டையைத் தூக்கினேன்.

அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போய், தொட்ட கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.